குழந்தையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோக வேண்டுமா?
காசிமேட்டில் உங்கள் தங்கையின் குழந்தை நேற்று முதுகுத்தண்டுப் பிளவுடன் (முதுகெலும்பு முழுதாக மூடாமல் முதுகில் திறப்பு இருக்கும் பிறவிக் குறை) பிறந்ததாகவும், உறவினர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடிய சிகிச்சை, கர்ப்பத்தின் 26 வாரத்துக்குள் கருப்பையிலேயே செய்யப்படும் அறுவை. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மூளைநீரை வடிக்கும் குழாய் தேவைப்பட்ட குழந்தைகளின் விகிதத்தை அது ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது உண்மைதான் என்றாலும், பிறந்துவிட்ட குழந்தைக்கு அது பொருந்தாது. இப்போது செய்ய வேண்டியது, மூளையுறைக்குத் தொற்று ஏறுமுன், இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் அந்தத் திறப்பை மூடுவது, விசாவுக்குக் காத்திருப்பது ஆபத்து (கடன் வேறு!). சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ நரம்பியல் அறுவை மருத்துவரை இன்றே பாருங்கள். கொண்டுசெல்லும்போது குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து, புண்ணின் மேல் சலைனில் நனைத்த சுத்தமான காஸ் துணியை வைக்கும்படி செவிலியரிடம் கேளுங்கள். மூடிய பிறகும் தலைச் சுற்றளவையும் சிறுநீர்ப் போக்கையும் தொடர்ந்து கவனிக்கச் சொல்வார்கள், அதைத் தவறவிடாதீர்கள்.