ஆங்கிலோ-சாக்சன் ஆட்சி ஹேஸ்டிங்ஸ் போரோடு முடிந்துவிட்டதா?

நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்று நினைக்கிறேன். ஒற்றை வரி விடை போதுமென்றால் 'ஹேஸ்டிங்ஸ், 1066 அக்டோபர் 14' என்று எழுதிவிடுங்கள். அதுவரை இங்கிலாந்தை ஆண்ட ஆங்கிலோ-சாக்சன்களின் அரசன் ஹெரால்டை, பிரான்சின் நார்மண்டிப் பிரபு வில்லியம் வென்ற போர் அது. விரிவாக எழுத வேண்டுமென்றால் அது போதாது. இந்தக் கேள்விக்காக நான் ஒருவரோடு சண்டையே போட்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பல்கலைக்கழக விடைத்தாள் திருத்தும் முகாம். இதே கேள்விக்குப் பத்து மதிப்பெண். ஒரு மாணவர் 1016-இலிருந்து தொடங்கியிருந்தார். அந்த ஆண்டே டென்மார்க்கின் கனூட் இங்கிலாந்தைப் பிடித்துவிட்டான். அரியணை போனதும் எல்லாம் முடிந்துவிடும் என்றால் அப்போதே முடிந்திருக்க வேண்டுமே என்று கேட்டிருந்தார். கனூட்டின் கீழும் காட்வின், லியோஃப்ரிக் போன்ற ஆங்கிலப் பிரபுக்கள் செல்வாக்கோடு இருந்தார்கள். அதனால்தான் 1042-இல் பழைய ஆங்கில அரச வம்சத்து எட்வர்ட் சிக்கலின்றி அரசனாக முடிந்தது. வில்லியமோ அந்தப் பிரபுக்களையே அகற்றினான். ஹேஸ்டிங்ஸில் ஹெரால்டு விழுந்த பிறகும் லண்டனில் கூடிய ஆங்கிலப் பிரபுக்கள் பழைய வம்சத்து இளவரசன் எட்கரை அரசனாகத் தேர்ந்தெடுத்தார்கள். முடிசூட்டுவதற்குள் வில்லியமுக்குப் பணிய வேண்டியதாயிற்று. வடக்கே கிளர்ச்சி வெடித்தபோது 1069-70 குளிர்காலத்தில் வில்லியம் யார்க்ஷயர் ஊர்களைக் கொளுத்திப் பஞ்சத்தில் தள்ளினான். கிழக்கே ஈலி சதுப்பு நிலத்தில் ஹெரவார்டு என்ற கிளர்ச்சிக்காரனும் கூட்டாளிகளும் 1071 வரை எதிர்த்து நின்றார்கள். 1086-இல் யாரிடம் எவ்வளவு நிலம் என்று வில்லியம் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பு நடந்தபோது பெருநிலக்காரர்களில் மிஞ்சிய ஆங்கிலேயரை விரல்விட்டு எண்ணிவிடலாம். இத்தனையும் அந்த விடைத்தாளில் இருந்தது.

நான் எட்டு போட்டேன். தலைமைத் தேர்வாளர் அதை அடித்து நான்கு ஆக்கினார். விடைக்குறிப்பில் 'ஹேஸ்டிங்ஸ் தோல்வி' என்றுதான் இருக்கிறதாம். எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். "சார், நீங்கள் பாடம் நடத்த வரவில்லை" என்றார்.

ஹேஸ்டிங்ஸ் முக்கியமில்லையா என்று சிலர் கிளம்பி வருவார்கள். அப்படி நான் எங்கும் சொல்லவில்லை. ஹெரால்டோடு அவன் தம்பிகள் கிர்த், லியோஃப்வைன் இருவரும் அன்று மாண்டார்கள். படையைத் திரட்டித் தொடர்ந்து போரிட அந்தக் களத்தில் தலைவன் ஒருவனும் மிஞ்சவில்லை. மூன்று வாரத்துக்கு முன்புதான் வடக்கே ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் நார்வே படையை முறியடித்து, ஓய்வின்றித் தெற்கே வந்த படை அது. அந்தத் தோல்வி வில்லியமுக்கு வழியைத் திறந்தது. ஆனால் ஆங்கிலப் பிரபுக்களின் நிலம் கைமாறி முடிய இருபது ஆண்டுகள் பிடித்தன.

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாமே என்பீர்கள். அதற்குக் கட்டணம், விடைத்தாள் நகலுக்குத் தனிக் கட்டணம். கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? ஒரு தாளைப் பொறுமையாகப் படிக்க எங்களுக்கும் நேரம் தருவதில்லை. மதியத்துக்குள் கட்டு முடிந்ததா என்றுதான் கேட்கிறார்கள்.