எலும்பு மெலிந்துவிட்டது என்பதற்காக ஸ்டீராய்டை உடனே நிறுத்தலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. முடக்குவாதத்துக்காக எட்டு ஆண்டுகளாகத் தினமும் 10 மி.கி. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் இப்போது எடுத்ததில், இடுப்பெலும்பின் அடர்த்தியைக் காட்டும் டி-ஸ்கோர் மைனஸ் 2.8. ஸ்டீராய்டுதான் காரணம், உடனே நிறுத்துங்கள் என்கிறார்கள் உறவினர்கள். பக்கத்து ஊரில் ஒருவர் பக்கவிளைவே இல்லாத மூலிகைப் பொடி தருகிறாராம். அதற்கு மாறிவிடலாமா?

பதில்: வேண்டாம். மாத்திரையைத் திடீரென நிறுத்தவும் வேண்டாம், அந்தப் பொடியும் வேண்டாம்.

உயிர் வாழத் தேவையான ஸ்டீராய்டை நம் அட்ரினல் சுரப்பிகள் தினமும் தாமே சுரக்கின்றன. ஆண்டுக்கணக்கில் அது மாத்திரையாக வந்துகொண்டிருந்தால் சுரப்பிகள் வேலையை விட்டுவிடும். மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து, வாந்தியும் மயக்கமும் வந்து, உயிரே போகக்கூடும். அளவை மாதக்கணக்கில், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். 5 மி.கி.க்குக் கீழே வந்தபின் இன்னும் மெதுவாக.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கடும் காய்ச்சல், விபத்து, அறுவை சிகிச்சை ஆகியவற்றின்போது அளவைக் குறைக்கவே கூடாது. மருத்துவர் சொல்படி தற்காலிகமாகக் கூட்ட வேண்டும். வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்கவில்லையா? வீட்டில் காத்திருக்காதீர்கள், மருத்துவமனைக்குப் போய் ஊசியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். பல் பிடுங்கப் போனாலும் ‘நான் நெடுநாளாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன்’ என்று முதலிலேயே சொல்ல வேண்டும். இதை ஒரு சீட்டில் எழுதி அம்மாவின் பணப்பையில் வையுங்கள்.

எட்டு ஆண்டுகளாக ஸ்டீராய்டு மட்டும்தான் சாப்பிடுகிறாரா? அப்படியானால் எனக்குக் கோபம்தான் வருகிறது. முடக்குவாதத்தின் வேரை அடக்க மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அவை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை தாங்கிப்பிடிக்கத்தான் ஸ்டீராய்டு. ஆனால் கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் ‘அதே மருந்தைத் தொடரவும்’ என்று எழுதிவிடுகிறார்கள். பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக்கடையில் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொடுக்கிறார்கள். எலும்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஸ்டீராய்டு தொடங்கிய முதல் ஆறு மாதங்களிலேயே எலும்பு வேகமாகக் கரைகிறது. அப்போதே தடுத்திருக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட் தொடங்கினால், வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தவறித் தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு.

இனி அந்தப் பொடி. இரண்டே நாளில் மூட்டுவலி பறந்துவிட்டது, பசி எடுக்கிறது, முகம் பளபளவென்று உப்பிவிட்டது என்றால் சந்தேகப்படுங்கள். பெயரோ உரிமம் எண்ணோ இல்லாத பொட்டலங்களில் ஸ்டீராய்டையே பொடித்துக் கலந்திருப்பது ஆய்வகச் சோதனைகளில் மீண்டும் மீண்டும் வெளிவந்திருக்கிறது. அளவு தெரிந்த ஸ்டீராய்டை விட்டுவிட்டு அளவு தெரியாத ஸ்டீராய்டுக்குப் போவதுதான் இது. சித்த மருத்துவம் வேண்டுமென்றால் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். பொட்டலம் விற்பவரிடம் வேண்டாம். எலும்பின் பலத்தைச் சோதிப்பதாகக் குதிகாலில் கருவி வைத்துப் பார்த்துவிட்டுக் கால்சியம் டப்பாவைத் தலையில் கட்டும் ‘இலவச முகாம்’களுக்கும் அம்மாவை அழைத்துப் போகாதீர்கள்.

எலும்புக்கு என்ன செய்வது? கால்சியம், வைட்டமின் டி மட்டும் போதாது. டி-ஸ்கோர் மைனஸ் 2.8 என்றால் எலும்பு மிகவும் மெலிந்துவிட்டது, எலும்பைக் காக்கும் மருந்து தேவை. பெரும்பாலும் வாரம் ஒருமுறை 70 மி.கி. அலெண்ட்ரோனேட் எழுதுவார்கள். அதற்கு முன் சிறுநீரகச் செயல்பாட்டையும் பற்களையும் பார்த்துவிட வேண்டும். காலையில் வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். காபியோடு விழுங்கினால் மருந்து உடலில் சேராது. விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டைத் தினமும் சாப்பிடக் கூடாது.

அம்மாவுக்குத் திடீரென முதுகில் வலி வந்தால் எண்ணெய் போட்டு நீவவோ மிதிக்கவோ விடாதீர்கள். முதலில் எக்ஸ்ரே. முதுகெலும்பு நசுங்கியிருக்கலாம்.

மூட்டுவாத நிபுணரைப் பார்ப்பதுதான் அடுத்த வேலை. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. போகும்போது ஸ்கேன் அறிக்கை, பழைய சீட்டுகள், மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். அந்தப் பொடியை ஏற்கெனவே சில வேளை கொடுத்திருந்தால், பொட்டலத்தோடு காட்டி மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.