முதல் நல்ல டிடெக்டரை எப்போது வாங்குவது? கேள்வி பதில்

இங்கிலாந்தின் சஃபோக் பக்கத்து வயல்களில் 12 வருடமாக மெட்டல் டிடெக்டரோடு நடக்கிறேன். "நல்ல மெஷின் எப்போது வாங்கலாம்?" என்று இந்த மாதம் மட்டும் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

குரோய்டனிலிருந்து: அண்ணா, இதுவரை டிடெக்டரைத் தொட்டதே இல்லை. பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். எடுத்த எடுப்பில் டியூஸ் 2 மாதிரி விலையுயர்ந்த டிடெக்டரை வாங்கிவிடலாமா?

தம்பி, பணம் இருக்கிறது, சரி. நடக்க வயல் இருக்கிறதா?

இங்கே நிலத்துக்காரர் சம்மதம் இல்லாமல் ஒரு பிடி மண்ணைக் கிளறக்கூடாது. பூங்காவுக்கும் சொந்தக்காரர் உண்டு, பெரும்பாலும் கவுன்சில். லண்டனில் தேம்ஸ் கரையில் தேட வேண்டுமென்றால் துறைமுக ஆணையத்தின் உரிமம் வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அனுமதியில்லாமல் டிடெக்டர் போடுவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆயிரம் பவுண்டு மெஷினை வாங்கி, கொண்டுபோக இடமில்லாமல் அலமாரிக்குள் வைத்திருப்பவர்கள் இரண்டு பேரை எனக்கே தெரியும்.

நான் முதல் குளிர்காலத்தில் 14 பண்ணை வீட்டுக் கதவுகளைத் தட்டினேன். ஒரே ஒருவர் சரி என்றார். இன்றைக்கும் அவர் வயலில்தான் அதிகம் நடக்கிறேன். போகும்போது நேஷனல் கவுன்சில் ஃபார் மெட்டல் டிடெக்டிங்கில் உறுப்பினராகிவிட்டுப் போங்கள். அதோடு காப்பீடும் வரும். பண்ணைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான். அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கிடைப்பதை எப்படிப் பங்கு வைப்பது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

அதுவரை 200, 250 பவுண்டில் ஒரு மெஷின் போதும். நோக்டா சிம்ப்ளெக்ஸ் மாதிரி ஒன்று. அதைத் தூக்கிப்போட வேண்டி வராது, பின்னாளில் இரண்டாவது மெஷினாக நிற்கும்.

லெஸ்டரிலிருந்து: ஒரு வருடமாக ஆரம்பநிலை மெஷினோடு சுற்றுகிறேன். பெரியதற்கு மாறும் நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்கு என் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

நான் சொன்ன அந்தப் பண்ணையின் மேல்மூலையில் எப்போதோ இடிந்துபோன ஒரு வீட்டின் தடம் உண்டு. கால் வைக்கும் இடமெல்லாம் ஆணி. என்னிடம் இருந்தது மண்ணுக்குள் ஒரே அலைவரிசையை அனுப்பித் தேடும் ஒற்றை அலைவரிசை மெஷின். அங்கே போனால் விடாமல் உறுமும். ஒரு நாள் அந்த உறுமலுக்கு நடுவே மெல்லிதாக ஒரு கீச். இடமிருந்து வலம் ஆட்டினால் கேட்கிறது, வலமிருந்து இடம் வந்தால் இல்லை. குறுக்கே திரும்பி நின்று ஆட்டினேன், முற்றிலும் போய்விட்டது. இப்படி ஒரு பக்கம் மட்டும் ஒலிப்பது பெரும்பாலும் வளைந்த ஆணிதான். நகர்ந்துவிட இருந்தேன்.

பக்கத்து வரிசையில் வந்த நண்பரிடம் பல அலைவரிசை மெஷின். "ஒருமுறை இதன் மேல் ஆட்டுங்களேன்" என்றேன். அவருக்கு எந்தப் பக்கம் நின்றாலும் சுத்தமாக ஒரே சத்தம். நாலு அங்குலம் தோண்டினோம். கட்டியை உடைத்ததும் துருப்பிடித்த ஆணி ஒன்று விழுந்தது. அதோடு ஒட்டினாற்போல் அரை நிலா வடிவில் ஒரு வெள்ளித் துண்டு. ஈரமண்ணை விரலால் தள்ளியபோது சிலுவைக் கோடு தெரிந்தது. மூன்றாம் ஹென்றி காலத்தில், 1247இல் வரத் தொடங்கிய நீள்சிலுவைப் பென்னி, பாதியாக வெட்டியது. அப்போது அரைப்பென்னி வேண்டுமென்றால் முழுக்காசையே சிலுவைக்கோட்டை ஒட்டி வெட்டிக்கொள்வார்கள். ஒற்றைக் காசு பொதுவாகப் புதையல் சட்டத்தில் வராது. என்றாலும் எங்கள் பகுதித் தொல்பொருள் அலுவலரிடம் காட்டிப் பதிந்துகொண்டேன்.

அன்றைக்குத்தான் என் மெஷினில் இல்லாதது எது என்று பெயர் சொல்லத் தெரிந்தது. ஆணியைக் கடந்ததும் ஒரு டிடெக்டர் மீண்டும் காது கொடுக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். மெதுவான மெஷினில் அந்த இடைவெளிக்குள் பக்கத்தில் கிடக்கும் காசு மறைந்துவிடும். எனக்குத் தேவைப்பட்டது ஆழம் இல்லை, அந்த வேகம். மூன்று மாதம் கழித்து அதற்கென்றே பார்த்து வாங்கினேன். முந்திய வருடமே வாங்கியிருந்தால், விளம்பரத்தில் ஆழம் என்று போட்டிருப்பதைப் பார்த்து வேறெதையோ எடுத்திருப்பேன்.

ஆகவே நீங்களும் உங்கள் மெஷினில் என்ன போதவில்லை என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். "ஈர மணலில் கத்துகிறது", "ஆணிக் காட்டில் குருடாகிறது", "மெல்லிய வெள்ளிக்காசைத் தவறவிடுகிறது", இப்படி. "இன்னும் நல்லதாக வேண்டும்" என்பதுதான் பதில் என்றால் பொறுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. அடுத்த 100 குழிகளுக்கு, மண்வெட்டி வைக்கும் முன்பே "ஈயம்", "டின் வளையம்", "பொத்தான்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தோண்டுங்கள், குறித்தும் வையுங்கள். பாதிக்கு மேல் தவறினால் பழக வேண்டியது காதுதான். அலுமினியத் துண்டும் தங்க மோதிரமும் திரையில் ஒரே அடையாள எண்ணைக் காட்டலாம், 1,200 பவுண்டு மெஷினிலும்கூட.

போர்ன்மத்திலிருந்து: எனக்குக் கடற்கரை மட்டும்தான். நானும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். நீங்கள் நேராகப் பல அலைவரிசைக்கே போகலாம். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் ஈர மணலையே ஒற்றை அலைவரிசை மெஷின் உலோகம் என்று எண்ணிப் புலம்பும். அதைத் தணிக்கச் சக்தியைக் குறைத்தால் மோதிரமும் சேர்ந்து போய்விடும். பல அலைவரிசை மெஷின் அந்த அலைவரிசைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு உப்பைக் கழித்துவிடும்.

மைன்லேப் வான்குவிஷ் இந்த வேலையைக் குறைந்த விலையில் செய்கிறது. ஆனால் அதில் கீழ்நுனியில் இருக்கும் காயில் எனும் வட்டத் தகடுதான் தண்ணீரில் நனையலாம், மேலே இருக்கும் பெட்டி நனையக்கூடாது. அலைக்குள் இறங்குவீர்கள் என்றால் நோக்டா லெஜெண்ட் பாருங்கள், அதை மூன்று மீட்டர் வரை தண்ணீரில் முக்கலாம். எதுவானாலும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

ஹாரோவிலிருந்து: அண்ணை, புதுசு கட்டுப்படியாகாது. ஆரும் பாவிச்சதை வாங்கலாமோ?

தாராளமாக. என் இரண்டாவது மெஷினே அப்படி வந்ததுதான். ஆனால் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள், நேரில் போங்கள். காயில் கம்பி, தண்டில் சுற்றிப் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் விரலால் தடவுங்கள். வெடிப்பு அங்கேதான் வரும். காயில் தண்டோடு சேரும் இடத்தில் காது மாதிரி இருக்கும் இரண்டு பிடிகளையும் பாருங்கள். எனக்கு விற்றவர் அதில் இருந்த கீறலைச் சொல்லவில்லை. முதல் மழையிலேயே தண்ணீர் இறங்கி, வெறும் புல்லுக்கும் கத்தியது. காயில் மாற்ற வேண்டியதாயிற்று.

பையில் ஒரு வெள்ளிக்காசும் ஒரு ஆணியும் கொண்டுபோய், காயிலின் முன்னால் தனித்தனியாகவும் சேர்த்தும் ஆட்டிப் பாருங்கள். பெயர்பெற்ற மெஷின்களுக்கெல்லாம் போலி வருகிறது. வரிசை எண்ணைத் தயாரிப்பாளரிடம் கேட்டுச் சரிபாருங்கள், ரசீதும் வாங்குங்கள். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

நார்விச்சிலிருந்து: பெரிய புதையல்களை எல்லாம் சாதாரண மெஷின்தானே கண்டுபிடித்தது? பிறகு எதற்குச் செலவு?

நியாயமான கேள்வி, அதுவும் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கதை. 1992 நவம்பரில் சஃபோக்கில் ஹாக்ஸன் என்ற ஊரில் ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். தேடப் போனவர் அவருடைய நண்பர் எரிக் லாஸ், ஓய்வுபெற்ற தோட்டக்காரர். ஓய்வுக்குப் பரிசாகக் கிடைத்த டிடெக்டர் அவரிடம் இருந்தது. அகப்பட்டது சுமார் 15,000 ரோமானியக் காசுகள், கூடவே தங்க நகைகள், வெள்ளிக் கரண்டிகள். கொஞ்சம் எடுத்ததுமே தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். அதனால்தான் தொல்லியலாளர்கள் வந்து, எது எதன் மேல் இருந்தது என்பது வரை பதிவுசெய்ய முடிந்தது. இந்தத் தொழிலில் நான் மிகவும் மதிக்கும் செயல் அது. சுத்தியலும் கிடைத்தது, இன்றைக்குப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2009இல் டெர்ரி ஹெர்பர்ட் கண்டெடுத்த ஸ்டாஃபோர்ட்ஷயர் புதையலும் பழைய மெஷினில் அகப்பட்டதுதான். அதற்கு 32,85,000 பவுண்டு மதிப்புப் போட்டார்கள்.

ஒரு குவியலாகக் கிடப்பது எந்த மெஷினுக்கும் கேட்கும். அங்கே இடம்தான் எல்லாம். நாம் அன்றாடம் தேடுவதோ ஒன்றரை கிராம் காசு, ஏழு அங்குலத்தில், சாய்ந்து கிடக்கிறது. அதற்குத்தான் நல்ல மெஷின். அப்புறம், 300 வருடத்துக்கு முந்திய தங்க, வெள்ளிக் காசுகள் இரண்டோ அதற்கு மேலோ ஒரே இடத்தில் வந்தால் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தில் சேரும். 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

மெல்பனிலிருந்து: இங்கே தங்கம் தேட எது?

உங்கள் மண்ணே வேறு. விக்டோரியாவின் தங்க வயல்களில் இரும்புச்சத்து அதிகம். நாங்கள் காசுக்கு வைத்திருக்கும் மெஷின்கள் அங்கே தடுமாறும். பல்ஸ் இண்டக்‌ஷன் வகைதான் ஆழத்தில் எடுபடும், விலையோ பல ஆயிரம் டாலர். முதலில் மைனர்ஸ் ரைட் உரிமம் எடுங்கள், பிறகு இரண்டு வார இறுதிகளுக்கு வாடகைக்கு எடுத்துப் போங்கள். 1980இல் கிங்கோவரில் 27 கிலோ தங்கக் கட்டி அகப்பட்டது உண்மைதான். உங்களுக்கு வரப்போவது அரை கிராம் பொடிதான். அதற்காகவும் வெயிலில் நாள் முழுக்க நடக்க மனம் இருந்தால் வாங்குங்கள்.

மதுரையிலிருந்து: பூர்வீக நிலத்தில் பழங்காசு தேட ஒன்று வாங்கலாமா?

அதற்காக வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். இங்கே இருப்பது போல் கண்டெடுப்பவர் காட்டிப் பதியும் ஏற்பாடு அங்கே இல்லை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். உழும்போது தானாக ஏதாவது தட்டுப்பட்டால் மேற்கொண்டு கிளறாமல் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள்.

இப்ஸ்விச்சிலிருந்து: வயல் கிடைத்துவிட்டது, என்ன மெஷின் என்றும் முடிவு. இப்போது மே மாதம். உடனே ஆர்டர் போடவா?

வயலில் இப்போது கோதுமை நிற்குமே. அறுப்பு முடிய ஆகஸ்ட் ஆகும். பண்ணைக்காரரிடம் எந்த வயலை எப்போது அறுக்கிறார், உடனே உழுவாரா, தாளோடு விடுவாரா என்று இப்போதே கேளுங்கள். ஜூலை நடுவில் மெஷின் கைக்கு வந்தால் போதும். மிச்சப் பணத்தில் ஒரு பின்பாயிண்டரும் (குழிக்குள் விட்டுத் தேடும் சின்னக் கைக் கருவி) நல்ல எஃகு மண்வெட்டியும் வாங்குங்கள். குழிக்குள் விரல்விட்டுத் துழாவும் நேரம் பாதியாகும்.

மெஷின் வந்ததும் தோட்டத்தில் மூன்று, ஐந்து, ஏழு அங்குலத்தில் ஒவ்வொரு காசு புதையுங்கள். ஒன்றின் பக்கத்தில் ஒரு ஆணியும் வையுங்கள். தினமும் சாயந்திரம் கால்மணி நேரம் அவற்றின் மேல் ஆட்டி, எல்லாப் பக்கத்திலிருந்தும் கேளுங்கள். எங்கே புதைத்தீர்கள் என்று குறித்து வைக்க மறக்காதீர்கள். ஆகஸ்டில் அவர் கூப்பிடும்போது அந்தச் சத்தம் உங்களுக்குப் பழகியிருக்கும்.