டின்னை யார் திறந்தாங்க? – பெயின்ட் கேள்வி பதில்

தீபாவளி நெருங்குதுல்ல, இந்த வாரம் வந்ததுல பாதிக்கு மேல பெயின்ட்தான். கடிதங்களைச் சுருக்கிப் போட்டிருக்கேன்.

கேள்வி: அக்கா, போன்ல பார்த்து ஒரு இளம்பச்சை கலக்கச் சொன்னேன். ஹால்ல அடிச்சா ஆஸ்பத்திரி பச்சையா இருக்கு. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேங்குறார். (செங்காங்)

பதில்: எடுக்க மாட்டார். நீங்க சொன்ன கலர் நம்பரைத்தான் கலந்து குடுத்தார், அதை வேற யார்கிட்ட விப்பார்? 1 லிட்டர் டின் வாங்கி சுவத்துல ரெண்டடிக்கு அடிச்சு, பகல்லயும் ராத்திரி லைட்லயும் பார்த்திருக்கணும். போன் ஸ்கிரீனைப் பார்த்து கலர் எடுக்காதீங்கன்னு எத்தனை தடவை எழுதறது.

கேள்வி: அம்மாவோட மூணு ரூம் வீட்டுக்கு ஆள் போட்டு பெயின்ட் அடிச்சோம், ரெண்டு கோட்டிங்னு பேச்சு. 1,200 வெள்ளி, அம்மா முன்னாடியே முழுசா குடுத்துட்டாங்க. ரெண்டே ரெண்டு 5 லிட்டர் டின், அதுவும் திறந்தது. நாலு மாசத்துல ஈரத்துணியால துடைச்சா கலர் துணியில வருது. கேட்டா, வாட்டர் பெயின்ட்னா அப்படித்தாங்கறார். (யீஷூன்)

பதில்: தம்பி, அம்மாவைத் திட்டாதீங்க, ஏமாத்தினது அந்த ஆள். வாட்டர் பெயின்ட்னா கரையுங்கறது பச்சைப் பொய். எமல்ஷன்ல, அதான் இந்த வாட்டர் பெயின்ட்ல, தண்ணி ஒரு வாகனந்தான், அது காய்ஞ்சு போனதும் உள்ள மிதந்த அக்ரிலிக் துளியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி தோல் மாதிரி ஆயிடும், அப்புறம் தண்ணி பட்டாலும் கரையாது, கலர்பொடியைப் பிடிச்சு வச்சிருக்கிறதே அந்தத் தோல்தான். டின்ல பொதுவா 10லேர்ந்து 20 சதவீதம் தண்ணி சேர்க்கலாம்னு போட்டிருக்கும், இவங்க பக்கெட்ல ஊத்தி இஷ்டத்துக்குக் கலக்குவாங்க, தோல் எங்கேருந்து வரும்?

கணக்கு போட்டுப் பாருங்க. 3க்கு 3 மீட்டர் ரூம், உயரம் 2.6, கதவு ஜன்னல் கழிச்சா சுவர் மட்டும் 27 சதுர மீட்டர் போல. நல்ல பெயின்ட் லிட்டருக்கு 10, 12 சதுர மீட்டர் வரும். ரெண்டு கோட்டிங்னா ஒரு ரூமுக்கே ஒரு 5 லிட்டர் டின் போயிடும். ரெண்டு டின்ல முழு வீடு எப்படி?

இது எனக்கும் வலிச்ச விஷயம். முதல் வீட்டுக்கு விலையைப் பார்த்து ஒரு பெரிய டின் சீலிங் வெள்ளை வாங்கினேன், மூணு கோட்டிங் அடிச்சும் பழைய கலர் தெரிஞ்சுது, தேய்ச்சா கை பூரா சுண்ணாம்பு. பசையே கம்மி, எல்லாம் மாவு. சுரண்டிட்டு சீலர்ங்கற அடிப்பூச்சு அடிச்சு மறுபடி செய்ய வேண்டியதாச்சு.

நீங்க துணியையும் சுவத்தையும் போட்டோ எடுங்க, ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாத்தையும் சேர்த்து வைங்க. பயனீட்டாளர் சங்கமான கேஸ் (CASE)கிட்ட முதல்ல போகலாம், மசியலன்னா ஸ்மால் கிளைம்ஸ், அதாவது சின்னத் தொகை வழக்குகளுக்கான நடுவர் மன்றம். இந்தத் தொகைக்கு 10 வெள்ளி கட்டணம், வக்கீல் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். விடாதீங்க. அடுத்த தடவை சீல் உங்க கண் முன்னாடி உடையணும், கடைசிப் பணம் வேலை முடிஞ்சப்புறம்.

கேள்வி: சீலிங்ல பழுப்புக் கறை. ரெண்டு தடவை அடிச்சும் திரும்ப வருது. எந்த பிராண்ட் நல்லது? (பிடோக்)

பதில்: எந்த பிராண்டும் இல்ல. மேல் வீட்டு டாய்லெட்லேருந்து தண்ணி இறங்குதான்னு பாருங்க. எச்டிபி (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுன்னா மேல் வீட்டுக்காரரோட பேசுங்க, எச்டிபிக்கும் சொல்லுங்க, குட்வில் ரிப்பேர் திட்டத்துல பாதிச் செலவை அவங்க ஏத்துக்குவாங்க, மீதி ரெண்டு வீட்டுக்கும் சரிபாதி. ஒழுகறது நின்னு, நல்லா காய்ஞ்சப்புறம் கறையை மறைக்கிற சீலர், அதுக்கு மேல மேட் வெள்ளை.

கேள்வி: அடுத்த மாசம் குழந்தை பிறக்குது. வாடை இல்லாத பெயின்ட் போதுமா?

பதில்: வாழ்த்துகள் தங்கச்சி. வாடை இல்லங்கறதும் விஓசி (பெயின்ட்லேருந்து காத்துல கலக்கற ரசாயன ஆவி) கம்மிங்கறதும் ஒண்ணு இல்ல, டின்ல கிரீன் லேபிள்ங்கற சுற்றுச்சூழல் முத்திரை இருக்கான்னு பாருங்க. வீட்டுக்குள்ள அடிக்கிற பெயின்ட்ல ஃபார்மால்டிஹைட்ங்கற நச்சு ரசாயனம் 0.01 சதவீதத்தைத் தாண்டக்கூடாதுன்னு 2026 ஜனவரி 1லேருந்து தடை, அதனால பழைய ஸ்டாக்கை விலை குறைச்சுத் தள்ளினா தொடாதீங்க. இப்பவே அடிச்சு ஜன்னலைத் திறந்து வைங்க, பிரசவம் வரைக்கும் தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: மூணு வருஷ பழைய டின், திறந்தா அழுகின முட்டை நாத்தம். கிளறி அடிக்கலாமா?

பதில்: கூடாது. பாக்டீரியா பிடிச்சாச்சு, அடிச்சா நாத்தம் ரூம்லயே நிக்கும். பழைய பேப்பர்ல ஊறவச்சு காயவச்சு குப்பையில போடுங்க, சிங்க்ல ஊத்தாதீங்க.