பனிக்குடம் உடைந்த பிறகு, வயிற்றில் ஊசி குத்தாமலே தொற்றைக் கண்டுபிடிக்க முடியுமா?

நீங்கள் கேட்டது இது: தங்கைக்கு 30-வது வாரத்திலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. வலி வரவில்லை. வார்டில் படுக்க வைத்து அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்கள். இன்று சிஆர்பி (உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதத்தின் அளவு) 18 என்று வந்திருக்கிறது. ஊசி குத்திப் பனிக்குட நீரை எடுக்காமல், ரத்தத்தையும் சிறுநீரையும் மட்டும் வைத்து உள்ளே தொற்று உண்டா இல்லையா என்று சொல்லிவிட முடியுமா?

முதலில் அந்த 18-க்குப் பக்கத்தில் என்ன அலகு இருக்கிறது என்று பாருங்கள். லிட்டருக்கு 18 மில்லிகிராம் என்றால் ஒரு கதை. டெசிலிட்டருக்கு 18 என்றால் அது லிட்டருக்கு 180, முற்றிலும் வேறு கதை. சில லேப்கள் இப்படித் தரும், சில அப்படித் தரும். 12 வருடமாக பயோகெமிஸ்ட்ரி லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன், இந்த அலகுக் குழப்பத்தில் அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன், அலட்சியமாக இருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். உங்களுடையது லிட்டர் கணக்காகத்தான் இருக்கும் (180 என்றால் வார்டில் இந்நேரம் ஓட்டமும் நடையுமாக இருந்திருப்பார்கள்). இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.

இனி கேள்விக்கு வருகிறேன். ரத்தப் பரிசோதனை சந்தேகத்தைக் கூட்டும், குறைக்கும். உறுதியாகச் சொல்லாது. இதை லேப் பக்கம் இருந்து தெரிந்து வைத்திருந்தேன். 31-வது வாரத்தில் எனக்கே பனிக்குடம் உடைந்து 11 நாள் படுத்துக் கிடந்தபோதுதான் புரிந்தது.

சிஆர்பி என்பது கல்லீரல் செய்யும் ஒரு புரதம். 1930-ல் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டது. நியூமோகாக்கஸ் கிருமியிலிருந்து பிரித்த ‘சி’ என்ற பொருளோடு அது வினைபுரிந்ததால் அந்தப் பெயர். உடலில் எங்கோ அழற்சி நடந்தால் இன்டர்லூக்கின்-6 என்ற தூதுப் புரதம் கல்லீரலுக்குச் செய்தி கொண்டு போகும், கல்லீரல் சிஆர்பியைக் கொட்டும். செய்தி போய், அளவு ஏறி, நம் கருவியில் தெரிய ஆறேழு மணி நேரமாவது ஆகும். உச்சிக்குப் போக ஒன்றரை முதல் இரண்டு நாள். காலையில் தொடங்கிய தொற்று மதியம் எடுத்த ரத்தத்தில் தெரியாமல் போகலாம்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பனிக்குடம் உடைந்த பிறகு வரும் தொற்று பெரும்பாலும் கீழிருந்து, கருப்பை வாய் வழியாக ஏறுகிறது. முதலில் பனிக்குட நீருக்குள் போகிறது. அந்த நீரைக் குழந்தை விழுங்குகிறது. ஆக, முதலில் எதிர்வினை காட்டுவது பனிக்குடச் சவ்வும் குழந்தையும்தான். நாம் ரத்தம் எடுப்பதோ அம்மாவின் கையிலிருந்து. அம்மாவின் கல்லீரலுக்கு விஷயம் கடைசியில்தான் தெரிய வரும், சில நேரம் தெரியாமலே போகும். ரத்தத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் கேட்கும் இடம் தள்ளி இருக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. பல்லில் சீழ், சளி, கையில் குளுக்கோஸ் ஏற்றிய நரம்பு வீங்கியது, பிரசவ வலி தொடங்கியது என எதற்கும் சிஆர்பி ஏறும். அறிக்கையில் 5-க்குக் கீழே, 10-க்குக் கீழே என்று அச்சாகியிருக்கும் எல்லை கர்ப்பிணி அல்லாதவர்களுக்கானது. கர்ப்பத்தில் கொஞ்சம் கூடுதலாக இருப்பது சகஜம். அதனால் ஒரே ஒரு 18-ஐ வைத்து நானாக இருந்தால் எதுவும் சொல்ல மாட்டேன். நேற்று 17, முந்தாநாள் 19 என்றால் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். நேற்று 5 என்றால் எழுந்து உட்காருவேன்.

என் கதையைச் சொல்கிறேன். பனிக்குடம் உடைந்த அன்றே குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், மறுநாள் இன்னொன்று. இரண்டாம் நாள் ரிசல்ட்டில் வெள்ளை அணுக்கள் 17,800. எத்தனையோ பேருக்கு அந்த எண்ணை நானே அடித்துக் கொடுத்திருக்கிறேன். என்னுடையதைப் பார்த்ததும் கை நடுங்கியது. கூட வேலை பார்க்கும் அக்காவுக்கு போன் போட்டு, “அக்கா, தொற்று வந்துவிட்டது” என்று அழுதேன். அவர் நிதானமாக, “ஊசி எப்போ போட்டாங்க?” என்று கேட்டார். அவ்வளவுதான், உறைத்தது. ஸ்டீராய்டு போட்டால் வெள்ளை அணு எண்ணிக்கை சில நாளுக்கு ஏறித்தான் இருக்கும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் 15,000 வரை இருப்பதும், பிரசவ வலியில் 25,000-ஐத் தொடுவதும் தொற்று இல்லாமலே நடப்பவை. பாடத்தில் படித்தது, பரீட்சையில் எழுதியது. படுக்கையில் படுத்ததும் மறந்துவிட்டது.

அப்புறம் ஒரு வாரம் சிஆர்பி 7, 9, 8 என்றே போனது. பத்தாம் நாள் 12. பதினொன்றாம் நாள் காலை 26. காய்ச்சல் 37.7 டிகிரிதான், 38-ஐ எட்டவில்லை. எண்களை மட்டும் வைத்திருந்தால் நான் “இன்னொரு நாள் பார்க்கலாம்” என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் வயிற்றில் கை வைத்த நர்ஸ், “இங்கே அழுத்தினா வலிக்குதா?” என்று இரண்டு முறை கேட்டார். வலித்தது. முந்தைய நாள் வலிக்கவில்லை. குழந்தையின் இதயத் துடிப்புப் பதிவைப் போட்டார், 170-க்குக் கீழே இறங்கவே இல்லை. 110 முதல் 160 வரைதான் இயல்பு. டாக்டர் வந்து மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். 26 என்ற எண் அந்த முடிவில் ஒரு பங்குதான், பெரிய பங்குகூட இல்லை.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015-ல் வெளியிட்ட குறைப்பிரசவ வழிகாட்டி இதையே விதியாகச் சொல்கிறது: சிஆர்பி, வெள்ளை அணு எண்ணிக்கை, குழந்தையின் இதயத் துடிப்புப் பதிவு, இவற்றில் எதையும் தனியாக வைத்துத் தொற்று உண்டு என்றோ இல்லை என்றோ முடிவுக்கு வரக்கூடாது. ஒன்றுக்கொன்று முரண்பட்டால் கவனிப்பைத் தொடர்ந்து, பரிசோதனையைத் திரும்பச் செய்வதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. உங்கள் தங்கைக்கு அடிக்கடி ரத்தம் எடுப்பதைத் தேவையில்லாத வேலை என்று நினைத்துவிடாதீர்கள்.

மற்ற பரிசோதனைகள்? புரோகால்சிடோனின் என்று ஒன்று உண்டு. ரத்தத்தில் பரவிய பாக்டீரியா தொற்றுக்கு நல்ல குறி, பனிக்குடத் தொற்றில் சிஆர்பியைவிடப் பெரிதாக எதுவும் சாதிப்பதில்லை. ஃபைப்ரோனெக்டின் பரிசோதனையைப் பலர் தொற்றுப் பரிசோதனை என்று நினைக்கிறார்கள். அது குறைப்பிரசவம் நெருங்குகிறதா என்று பார்ப்பது, அதுவும் பனிக்குடம் உடையாதவர்களுக்கு. யோனித் திரவத்தில் இன்டர்லூக்கின்-6 அளப்பது எனக்குப் பிடித்த யோசனை. ஊசி வேண்டாம், தொற்று நடக்கும் இடத்துக்கும் பக்கம். சிக்கல் என்னவென்றால், யோனியிலேயே அழற்சி இருந்தாலும் அது ஏறும்.

சிறுநீர் விஷயம் வேறு. அதில் தேடுவது கருப்பைத் தொற்றை அல்ல, சிறுநீர்ப்பாதைத் தொற்றை. ஆனால் அதை ஒதுக்கிவிடக் கூடாது. எரிச்சலோ வலியோ இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும் கர்ப்பிணிகள் உண்டு. சிகிச்சை இல்லாமல் விட்டால் அவர்களில் பலருக்குச் சிறுநீரகம் வரை ஏறிவிடும். குச்சியை முக்கிப் பார்க்கும் பரிசோதனையில் நைட்ரைட் கட்டம் நிறம் மாறினால் கிருமி இருக்க வாய்ப்பு அதிகம். மாறாவிட்டால் நிம்மதி கொள்ள முடியாது. எல்லாக் கிருமியும் நைட்ரைட் செய்வதில்லை. செய்யும் கிருமிக்கும் சிறுநீர் நாலு மணி நேரமாவது பையில் தங்கியிருக்க வேண்டும். கர்ப்பிணிக்கு எங்கே நாலு மணி நேரம் தங்குகிறது! (அந்த நிறம் மாறும் வினையைக் கண்டுபிடித்த பீட்டர் கிரீஸ் பல ஆண்டுகள் பீர் ஆலையில் வேலை பார்த்த வேதியியலாளர் என்பது என் தொழிலில் எனக்குப் பிடித்த துணுக்கு.) எனவே சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர்தான் சரியான பரிசோதனை. அனுப்பியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

அப்படியானால் ஊசியே குத்திப் பார்த்துவிடலாமே என்று தோன்றும். பனிக்குட நீர் கிடைத்தால் நிறையச் சொல்லும்: இன்டர்லூக்கின்-6 அங்கே முன்னதாகவே ஏறியிருக்கும், கிருமிகள் சர்க்கரையைத் தின்றுவிடுவதால் குளுக்கோஸ் இறங்கியிருக்கும். ஆனால் உடைந்த பனிக்குடத்தில் ஊசி நுழையப் போதிய நீர் தேங்கியிருப்பதே கஷ்டம். கல்ச்சருக்கு நாட்கள் ஆகும். அடிக்கடி மாட்டும் யூரியாபிளாஸ்மாவுக்குச் செல் சுவரே இல்லை, நுண்ணோக்கியில் கிருமியைப் பார்க்கப் பூசும் கிராம் சாயத்தில் தெரியாது, சாதாரண கல்ச்சரில் வளராது. சில மருத்துவமனைகளில் செய்கிறார்கள், பல இடங்களில் செய்வதில்லை. இரு பக்கமும் நியாயம் இருக்கிறது.

தொற்று உறுதியாகாமலே ஆன்டிபயாடிக் கொடுத்திருப்பார்கள், அதைக் கண்டும் பயப்பட வேண்டாம். 2001-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆரக்கிள் ஆய்வுக்குப் பிறகு, பனிக்குடம் முன்கூட்டியே உடைந்தால் எரித்ரோமைசின் கொடுப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அதே ஆய்வில் கோ-அமாக்ஸிக்லாவ் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டவர்களின் குழந்தைகளுக்குக் குடல் அழுகல் நோய் கூடுதலாக வந்தது. “இன்னும் பவரான மருந்தாகக் கொடுங்கள்” என்று டாக்டரிடம் சண்டை போடாதீர்கள்.

நீங்கள் செய்யக்கூடியது, தங்கையிடம் தினமும் நாலு கேள்வி கேட்பது. வயிற்றைத் தொட்டால் வலிக்கிறதா? வரும் நீரில் நாற்றமோ நிற மாற்றமோ உண்டா? குளிர் நடுக்கம், படபடப்பு உண்டா? குழந்தை வழக்கம் போல் அசைகிறதா? எதிலாவது மாற்றம் என்றால் அடுத்த ரவுண்ட்ஸ் வரை காத்திருக்க வேண்டாம், சிஆர்பி எவ்வளவாக இருந்தாலும் சரி, உடனே நர்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

எனக்கு உறுதியான பதில் பிரசவமாகி ஒன்பதாம் நாள் கிடைத்தது. நஞ்சுக்கொடியை நோய்க்கூறியல் லேபுக்கு அனுப்பியிருந்தார்கள். சவ்வுகளில் அழற்சி என்று அறிக்கை வந்தது. அப்போது 1,800 கிராமில் பிறந்த என் மகள் குழாய் வழியாகப் பால் குடித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு அடுத்த வேளைப் பாலை எடுக்கப் போனேன்.