தீம் பார்க்குகள் அடிக்கடி வரும் வாடிக்கையாளர்களுக்குத் தனிச் சலுகைகள் தர வேண்டுமா?

தரட்டும். வரிசையில் முன்னால் விடுவதை மட்டும் சலுகையாகத் தரக் கூடாது என்பேன். சாப்பாட்டில் தள்ளுபடி, பார்க்கிங் இலவசம், புது ரைடை ஊருக்கு முன்னால் பார்க்கும் வாய்ப்பு, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ், இதில் எதைக் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் இருப்பது தென் கலிஃபோர்னியாவில். டிஸ்னிலேண்ட் இருக்கும் அனஹைம், சாயங்காலம் காரில் போய்விட்டுத் திரும்பக்கூடிய தூரம். இந்தப் பக்கத்தில் ஆண்டு பாஸ் வைத்திருப்பது பெரிய ஆடம்பரம் ஒன்றும் இல்லை. கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு மாதத் தவணை உண்டு, வட்டி கிடையாது. ஆபீஸ் முடிந்து நேராக உள்ளே போய், ஒரு ரைடு ஏறி, சுரோ என்கிற இனிப்புப் பலகாரம் ஒன்றை வாங்கித் தின்று, வாணவேடிக்கை பார்த்துவிட்டு வீடு திரும்பும் குடும்பங்கள் ஏராளம். எங்களுடையதும் அதில் ஒன்று. ஆக, இந்த வழக்கில் நானும் ஒரு கட்சிக்காரன். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பார்க்குக்கு ஆண்டு பாஸால் என்ன லாபம்? 1955 ஜூலையில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது உள்ளே நுழையப் பெரியவர்களுக்கு ஒரு டாலர்தான். ஒவ்வொரு ரைடுக்கும் தனியாகக் காசு. பிறகு ஏ, பி, சி என்று எழுத்துப் போட்ட சீட்டுப் புத்தகங்கள் வந்தன. 1959-இல் மேட்டர்ஹார்ன் மலை ரைடு வந்தபோது ஈ என்ற உச்ச வகைச் சீட்டும் சேர்ந்தது. 1982-இல் சீட்டுப் புத்தகம் ஒழிந்து, ஒரே டிக்கெட்டில் எல்லா ரைடும் என்றானது. ரைடுக்கு ரைடு காசு வாங்கும்வரை அடிக்கடி வருகிறவர் நல்ல வாடிக்கையாளர், அவ்வளவுதான். ஒரே டிக்கெட் என்றானதும் கணக்கே மாறிவிட்டது. கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரைடு சுற்றத்தான் வேண்டும், ஊழியருக்குச் சம்பளம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பிப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை வெளியூர்க்காரர் யார் வரப்போகிறார்? உள்ளூர் பாஸ்காரர் வருவார். வந்தால் பசிக்கும், பிள்ளை பாப்கார்ன் கேட்கும். அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான் நாங்கள் பார்க்குக்குக் கொடுக்கிறோம், பதிலுக்கு மலிவான நுழைவு கிடைக்கிறது. நேர்மையான பண்டமாற்று. சிக்கல் எங்கே வருகிறதென்றால், செவ்வாய்க்கிழமையைக் கொடுத்த அதே ஆள் சனிக்கிழமையும் வந்து நிற்பார். அதற்காகத்தான் மலிவான பாஸ்களில், பாஸ் செல்லாத தடை நாட்கள் வைத்திருக்கிறார்கள்.

இப்போது வரிசைக்கு வருகிறேன். ஒரு ரைடில் மணிக்கு ஆயிரம் பேர் ஏற முடியும் என்றால் அது ஆயிரம்தான். ஆயிரத்து ஒன்றாவது ஆள் அடுத்த மணி நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். பத்து சதவீதம் விலை குறைத்தால் அது முதலாளியின் பையிலிருந்து போகிறது. நூறு பேரை முன்னால் விட்டால் அந்த நேரம் யாருடைய பையிலிருந்து போகிறது? வெயிலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவருடைய பையிலிருந்து. முதலாளிக்கு அதில் ஒரு காசு செலவில்லை. அதனாலேயே இது அவர்களுக்கு ரொம்பப் பிடித்த சலுகை.

அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தபோது இங்குள்ள ஒரு பார்க்குக்குக் கூட்டிப் போனோம். எந்தப் பார்க் என்பது முக்கியமில்லை, எல்லாவற்றிலும் ஒரே ஏற்பாடுதான். ரைடு வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு வரிசைகள் வந்து சேரும் இடம் ஒன்று இருக்கும். அங்கே ஒரு ஊழியர் பையன் நிற்பான். ஒரு கையை நீட்டி எங்கள் வரிசையை நிறுத்துவான், மறு கையால் பக்கத்து வரிசையை ‘வாங்க, வாங்க’ என்று அனுப்புவான். இருபது பேர் போனால் எங்களில் ஐந்தாறு பேர். மறுபடி கை நீளும். அம்மா இதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஏன்டா, அந்தப் பக்கம் போறவங்கள்லாம் யாரு? எம்எல்ஏ வீட்டு ஆளுங்களா?”

“இல்லம்மா, கூடக் காசு கட்டுனவங்க.”

“அப்ப பழனி மாதிரின்னு சொல்லு. காசு குடுத்தா சிறப்பு தரிசனம், குடுக்காதவுக தர்ம தரிசனம்.”

என் மகள் குறுக்கே புகுந்து, “பாஸ் வச்சிருக்கவங்களையும் அப்படி விட்டா நல்லா இருக்கும் அப்பத்தா, நம்ம சீக்கிரம் போயிரலாம்” என்றாள். “நீ அடுத்த வாரமும் வருவ. நான் எப்ப வரப்போறேன்?” என்றார் அம்மா. நான் இத்தனை பத்தி எழுதிச் சொல்ல முயல்வதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அவரிடம் பாஸ் கிடையாது, ஒரு நாள் டிக்கெட்தான். எங்கள் மூவரைவிட அன்றைக்கு அவர் உள்ளே வரத்தான் அதிகம் செலவானது. (அந்த விலையை அவரிடம் ரூபாயில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாசலிலேயே திரும்பியிருப்பார்.)

இது கற்பனைக் கவலை இல்லை. 1999-இல் டிஸ்னி ஃபாஸ்ட்பாஸ் கொண்டுவந்தபோது அது எல்லோருக்கும் இலவசம். இயந்திரத்தில் டிக்கெட்டைக் காட்டினால் ‘இந்த நேரத்துக்கு வா, வேக வரிசையில் போகலாம்’ என்று சீட்டு வரும். 2021-இல் அதை எடுத்துவிட்டுக் காசுக்கு விற்க ஆரம்பித்தார்கள். 2024 அக்டோபரில் டிஸ்னிலேண்டில் பிரீமியர் பாஸ் என்று ஒன்று வந்தது. நுழைவு டிக்கெட்டுக்கு மேல் அப்போது ஆளுக்கு 400 டாலர், முன்பதிவு நேரம் எதுவும் தேவையில்லை, வேக வரிசை உள்ள ரைடு ஒவ்வொன்றிலும் ஒரு முறை நேராகப் போகலாம். இந்தப் பணக்கார வரிசைக்கு மேல் ‘விசுவாச வரிசை’ ஒன்றையும் சேர்த்தால் சாதாரண டிக்கெட்காரர் நகரவே மாட்டார். முதல் அனுபவமே கசந்தவர் அடுத்த முறை எதற்கு வரப்போகிறார்? நாளைய வாடிக்கையாளரை விரட்டித்தான் இன்றைய வாடிக்கையாளரைக் கொண்டாட வேண்டுமா?

பாஸ்காரர்களைப் பற்றிப் பார்க்குகள் உண்மையில் என்ன நினைக்கின்றன என்பதும் கொஞ்சம் வெளியே வந்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் டிஸ்னி தன் காலாண்டுக் கணக்கை வெளியிட்டபோது, டிஸ்னிலேண்டில் வந்தவர்களின் கலவை சாதகமாக இல்லை என்று எழுதியது. அதாவது, அதிகம் செலவழிக்காத பாஸ்காரர்கள் ஜாஸ்தி வந்துவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்குக் கோபம் வந்தது. பிறகு அந்த வாசகத்தையே டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு பார்க்குக்கே போனார்கள். இப்படிப்பட்ட கூட்டத்தை வேறு எந்த வியாபாரத்தில் பார்க்க முடியும்?

ஒரு வழக்கும் உண்டு. 2021 ஜனவரியில் பழைய ஆண்டு பாஸை டிஸ்னிலேண்ட் முழுதாகவே ரத்து செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மேஜிக் கீ என்ற பெயரில் புதிதாக நான்கு வகை. அதில் உச்ச வகையான டிரீம் கீ 1,399 டாலர், தடை நாளே கிடையாது என்று விற்கப்பட்டது. ஆனால் எந்த நாளும் முன்பதிவு செய்துதான் போக வேண்டும். தடை இல்லாத நாளில் பாஸ்காரருக்கு முன்பதிவு கிடைக்கவில்லை, அதே நாளுக்கு ஒரு நாள் டிக்கெட் மட்டும் விற்பனையில் இருக்கிறது என்று ஒருவர் வழக்குப் போட்டார். டிஸ்னி தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் 95 லட்சம் டாலருக்கு வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டது. பாஸ் வைத்திருந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்பதால் ஆளுக்குக் கிடைத்தது நூறு டாலருக்கும் குறைவு. இந்த வழக்கில் யாரும் கூடுதல் மரியாதை கேட்கவில்லை. விற்கும்போது சொன்னதைச் செய் என்றுதான் கேட்டார்கள். சலுகைகளைப் பற்றிப் பேசும் பாதிப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

எதிர்த் தரப்பு வாதத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. அமெரிக்கா முழுக்கப் பார்க்குகள் நடத்தும் சிக்ஸ் ஃபிளாக்ஸ் நிறுவனம் 2018 வாக்கில் கோல்டு, பிளாட்டினம், டைமண்ட் என்று படிப்படியாகச் சலுகைகளை அள்ளிக் கொடுத்தது. 2022-இல் புதிய தலைவர் சலீம் பசூல் தள்ளுபடிகளை வெட்டினார், விலையை ஏற்றினார். விடுமுறையில் பதின்வயதுப் பிள்ளைகளை விட்டுப்போகும் மலிவுக் காப்பகமாகிக்கொண்டிருந்தோம் என்று முதலீட்டாளர்களிடம் சொன்னார். அந்த ஆண்டு வந்தவர்கள் 2 கோடியே 5 லட்சம், முந்தைய ஆண்டைவிட 26 சதவீதம் குறைவு. வருமானம் குறைந்தது சுமார் 9 சதவீதம்தான். பாஸ்காரனாக எனக்கு இந்தக் கணக்கு இனிக்கவில்லை, ஆனால் கணக்கு கணக்குதான். நான்கில் ஒருவர் போயும் பத்தில் ஒரு பங்குப் பணம்கூடப் போகவில்லை. பங்குச் சந்தைக்கோ அந்த 9 சதவீதமும் பிடிக்கவில்லை. சீக்கிரமே தள்ளுபடிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. 2024-இல் அந்த நிறுவனம் சீடர் ஃபேர் என்ற இன்னொரு பார்க் நிறுவனத்துடன் இணைந்துவிட்டது.

டோக்கியோவில் உள்ள டிஸ்னி பார்க்குகள் இன்னும் கடுமையான உதாரணம். அங்கே 2020-இல் கொரோனாவுக்காக மூடியபோது ஆண்டு பாஸைப் பணம் திருப்பிக் கொடுத்து முடித்தார்கள். திறந்த பிறகு மறுபடி விற்கவில்லை. 2018 நிதியாண்டில் 3 கோடியே 25 லட்சம் பேர் வந்த இடத்தில் 2023 நிதியாண்டில் வந்தவர்கள் 2 கோடியே 75 லட்சம். லாபமோ அதுவரை காணாத உச்சம். ஆகவே ‘விசுவாசிகள் இல்லாவிட்டால் பார்க் படுத்துவிடும்’ என்று யாராவது மிரட்டினால் நம்ப வேண்டாம். டோக்கியோ போன்ற மாநகரம் பக்கத்திலேயே இருந்தால் படுக்காது.

சரி, என்னிடம் கேட்டால் என்ன கொடுக்கச் சொல்வேன்? பழைய பாஸ்காரருக்குப் புதுப்பிக்கும் உரிமை முதலில். டிஸ்னிலேண்டில் புது விற்பனையை நிறுத்தி வைக்கும் காலங்களிலும் பழையவர்கள் புதுப்பித்துக்கொள்ளலாம். யாருடைய நேரத்தையும் தின்னாத அருமையான சலுகை அது. பத்து வருஷம் தொடர்ந்து புதுப்பித்தவருக்கு விலையேற்றத்தில் கொஞ்சம் விட்டுக் கொடுக்கலாம். நேற்று வாங்கியவரும் பிள்ளைப் பருவத்திலிருந்து வருகிறவரும் ஒரே விலை கொடுப்பது எனக்கு உறுத்துகிறது. புது ரைடு திறக்கும் முன் வெள்ளோட்டத்துக்குப் பாஸ்காரர்களை அழைக்கலாம். அவர்கள் குறையை நோட்டுப் போட்டு எழுதிக் கொடுப்பார்கள், பார்க்குக்கு இலவச சோதனை. பாப்கார்ன் வாளியை மலிவாக நிரப்பிக் கொடுப்பது ஏற்கெனவே உண்டு. ஒரு பிளாஸ்டிக் வாளிக்காக எங்கள் கூட்டம் எவ்வளவு தூரம் போகும் என்று தெரிய வேண்டுமானால், 2022 ஜனவரியில் ஃபுளோரிடாவில் எப்காட் என்ற டிஸ்னி பார்க்கில் ஒரு ஊதா டிராகன் வாளிக்குப் பல மணி நேரம் நின்ற வரிசையைத் தேடிப் பாருங்கள்.

நம் ஊரைப் பற்றியும் கேட்பீர்கள். 2025 டிசம்பரில் சென்னைக்கு வொண்டர்லா தீம் பார்க் வந்தபிறகு இந்தப் பேச்சு அங்கேயும் எழும். ஆனால் அங்கே திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையாளர் தனி ஆள் கிடையாது, பள்ளிக்கூடம். வருஷா வருஷம் ஆறு பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி வருகிற பி.டி. மாஸ்டர்தான் அங்கே உண்மையான பாஸ்காரர், அவருக்குக் குழு விலை என்ற சலுகை எப்போதோ கிடைத்துவிட்டது. அவரைத் தாண்டி, ஓஎம்ஆரில் குடியிருக்கும் குடும்பத்தை வார நாளில் வரவழைக்க என்ன வழி என்று யோசிக்கிற பார்க்குக்குத்தான் ஆண்டு பாஸ் அர்த்தப்படும்.

கேள்வி கேட்டவர் ஏதாவது ஒரு பாஸ் வாங்கும் யோசனையில் இருந்தால், தள்ளுபடிப் பட்டியலைக் கடைசியில் பாருங்கள். முதலில் தடை நாட்கள் காலண்டரைத் திறந்து, பள்ளி விடுமுறை நாட்களில் எத்தனை மிஞ்சுகிறது என்று எண்ணுங்கள். முன்பதிவு கட்டாயமா, எடுத்துவிட்டு வராமல் போனால் தண்டனை உண்டா என்று பாருங்கள். டிஸ்னிலேண்டில் 90 நாளுக்குள் மூன்று தடவை அப்படிச் செய்தால் 30 நாளைக்கு முன்பதிவு செய்ய முடியாது. அப்புறம் பார்க்கிங். இங்கே ஒரு தடவைக்கே 30 டாலருக்கு மேல். மலிவு பாஸ் வாங்கிவிட்டு மாதம் இரண்டு தடவை பார்க்கிங் கட்டினால், அடுத்த வகைப் பாஸுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய காசு அங்கேயே போய்விடும்.