கண்டியில் பிறந்த மலிக் பீரிஸ்தான் சார்ஸ் வைரஸைக் கண்டுபிடித்தவராமே? அவருடைய ஆய்வால் நம்மைப் போன்ற மலையகத்து ஆட்களுக்கு ஏதாவது பயன் உண்டா?

ஆமாம், அவரும் அவருடைய குழுவும்தான். 1949இல் கண்டியில் பிறந்தார். 1972இல் பேராதனையில் மருத்துவப் பட்டம், பிறகு ஒக்ஸ்போர்டில் ஆராய்ச்சி. திரும்பி வந்து பேராதனையில் வேலை செய்துவிட்டு 1995இல் ஹொங்கொங் போனார். 2003 மார்ச்சில் நோயாளிகளின் மாதிரியிலிருந்து, சார்ஸ் என்ற கடுமையான சுவாச நோயின் கொரோனா வைரஸை வளர்த்துக் காட்டினார்கள். பத்திரிகைக்காரர்கள் 'நம்ம கண்டி ஆள்' என்று எழுதி அதோடு விட்டுவிடுவார்கள். நான் தோட்டப் பகுதியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக (பி.எச்.ஐ.) இருப்பவன். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதற்கு அடுத்து வந்த வேலை.

ஹொங்கொங்கில் அமோய் கார்டன்ஸ் என்றொரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே மட்டும் 300 பேருக்கு மேல் சார்ஸ் தொற்றியது. அதில் ஆஸ்பத்திரிக்கு வந்த 75 பேரை பீரிஸ் குழு விடாமல் கவனித்தது. நோய் தொடங்கிய 5ஆம், 10ஆம், 15ஆம் நாட்களில் அவர்களில் 14 பேரின் மூக்கின் உட்புறத்துச் சளியை எடுத்து, வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். 10ஆம் நாள் உச்சம், 15ஆம் நாள் இறக்கம். கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் காய்ச்சல் கண்டதும் ஆளைப் பிரித்து வைத்தால், அவர் அதிகம் பரப்பும் கட்டம் வருவதற்குள் அவர் வார்ட்டுக்குள் இருப்பார் என்பது இதில் தெரிந்துவிடுகிறது. டொக்டர்மாரும் தாதிமாரும் அவ்வளவு பேர் விழுந்ததும் இதனால்தான். தடுப்பூசி இல்லை, சரியான மருந்தும் இல்லை, ஆனாலும் அந்த ஜூலைக்குள் சார்ஸ் அடங்கியது. உலகம் முழுக்க 8,000 பேருக்குச் சற்று அதிகமாகத் தொற்றி, 774 பேர் இறந்திருந்தார்கள்.

2020இல் வந்த கொரோனா இதற்கு நேர்மாறு. காய்ச்சல் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இதற்கு என்ன அர்த்தம் என்று பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, ஆறேழு பேர். பொசிட்டிவ் வந்த ஆளுக்கு நடுவில் சேலையைக் கட்டி மறைத்துவிட்டு, "தனியாத்தான் வச்சிருக்கோம் சார்" என்பார்கள். பொய்யில்லை, இருக்கிற இடம் அவ்வளவுதான். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பெரும்பாலும் வீட்டில் எல்லாருக்கும் தொற்றியிருக்கும். 'வீட்டிலேயே தனிமைப்படுத்துங்கள்' என்ற சுற்றறிக்கையை எழுதியவர் தனியறை உள்ள வீட்டை மனதில் வைத்து எழுதியிருக்கிறார், அது என் அபிப்பிராயம். பிள்ளைமடுவத்தையோ (குழந்தைகள் காப்பகம்) பாடசாலையையோ முதலிலேயே திறந்துவிட்டு, வயசாளிகளை அங்கே மாற்றுவதுதான் கொஞ்சமாவது பலன் தரும். நோயாளியை மாற்றுவதைவிட நோய் வராதவர்களை மாற்றுவது. ஊசியும் அவர்களுக்குத்தான் முதலில்.

இன்னொன்று, மிருகங்கள். பேராதனைக் காலத்தில் அவர் அநுராதபுரத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலை ஆராய்ந்தவர். அது பன்றி, நுளம்பு, வயல் என்று சுற்றும் நோய். நோயாளியை மட்டும் பார்க்காமல் அவரைச் சுற்றியுள்ள பிராணிகளையும் பார்க்கும் பழக்கம் அவருக்கு அங்கேயே வந்திருக்க வேண்டும். 1997இல் ஹொங்கொங்கில் பறவைக் காய்ச்சல் 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தபோது, பத்து லட்சத்துக்கும் அதிகமான கோழிகளைக் கொன்றுதான் நிறுத்தினார்கள். எப்போதும் அப்படிச் செய்ய முடியுமா? உயிர்க்கோழிக் கடைகளை மாதத்தில் ஒரு நாள் காலி செய்து கழுவி மூடினால் என்ன ஆகும் என்று பின்னர் ஓர் ஆய்வு செய்தார்கள், அதிலும் பீரிஸ் இருந்தார். கோழிகளிடையே சுற்றிக்கொண்டிருந்த எச்9என்2 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ், ஓய்வு நாளுக்குப் பிறகு குறைந்திருந்தது. கடைக்காரர் ஒரு நாள் வியாபாரத்தை இழக்கிறார், அவ்வளவுதான் செலவு. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது.

நம் லயங்களிலும் பின்பக்கம் கோழிக்கூடு இல்லாத வீடு குறைவு. ஒன்றிரண்டு சாவது வேறு. நாலைந்து கோழி ஒரே சமயத்தில் செத்தால், வீணாகிவிடுமே என்று அறுத்துக் குழம்பு வைக்காதீர்கள். கையால் தொடாமல் அரச மிருக வைத்தியருக்கோ உங்கள் பகுதி பி.எச்.ஐ.க்கோ ஒரு கோல் எடுங்கள். கோழி வளர்த்ததற்காக யாரும் உங்கள் மேல் வழக்குப் போட மாட்டார்கள்.